எதிர்காலமும் ஆட்சியாளரும்

தமிழிலக்கணம் காலத்தை மூன்றாக வகுத்தது. அவற்றுள் எதிர்காலம் என்னும் பெயர் உற்றுநோக்கத் தக்கது. எதிரே வந்துகொண்டிருப்பது என்பது அதன் பொருள். நமது ஆட்சியாளரோ இறந்தகாலத்தைப் பற்றிச் சொற்போர் புரிவதிலும் நிகழ்காலத்தை ஒப்பேற்றுவதிலுங் காட்டும் ஊக்கத்தை இம்மூன்றாங் காலத்திற் காட்டினாரல்லர்.

பசளைத் தடையை எடுத்துக்கொள்வோம். இரசாயனப் பசளையைக் குறைத்தல் வேண்டுமென்னும் நோக்கம் பிழையானதன்று. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லினூடே நைத்திரேற்று இறங்கி, நாம் குடிக்குங் கிணற்று நீரிற் கலந்திருத்தலை ஆய்வாளர் பலகாலுங் காட்டியுள்ளனர். 2019 ஆம் ஆண்டுத் தேர்தலின்போதும் பத்தாண்டுக் காலத்திற் படிப்படியாக மாறுவோம் என்றே கூறப்பட்டது. ஆனால், 2021 மே மாதத்தில் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இறக்குமதி தடுக்கப்பட்டது. வேண்டிய அளவு சேதனப் பசளை நாட்டில் உண்டா? விளைவு குன்றினால் அரிசி வாங்க அந்நியச் செலாவணி உண்டா? தேயிலையுங் குறைந்தால் அச்செலாவணிதான் எங்கிருந்து வரும்? விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தனர், கேட்பாரில்லை. நவம்பரிலே தடை தளர்ந்தது. அதற்குட் பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டது. நெல் விளைவு பெரிதுங் குன்றியது.

சோதிடம் வேறு; முன்னோக்கு வேறு. முன்னோக்குடையார் இன்னதே நிகழுமென்று கூறார். இவ்விவ்வாறு நிகழக்கூடுமென மூன்று நான்கு நிலைமைகளை வரைந்து, ஒரு கொள்கை அவை ஒவ்வொன்றிலும் நின்றுபிடிக்குமா எனச் சோதிப்பர். இது மேனாட்டார் புதுமை என்று தள்ளுவார், திருக்குறளிலே தெரிந்துசெயல்வகை என ஓரதிகாரம் இருத்தலை மறந்தவரே. பின்லாந்து நாட்டுப் பாராளுமன்றம் 1993 இல் எதிர்காலக் குழு ஒன்றை அமைத்து, 2000 இல் அதனை நிலையான குழுவாக்கியது. ஒவ்வொரு பாராளுமன்றக் காலத்திலும் அரசாங்கம் எதிர்காலம் பற்றி ஓர் அறிக்கை சமர்ப்பிக்கும். ஆளுங்கட்சியாரும் எதிர்க்கட்சியாரும் ஒருங்கிருந்து அதனை ஆராய்வர்.

நமது பாராளுமன்றத்துக்கும் அத்தகைய குழு வேண்டும். அமைச்சர் மாறினாலும் மாறாததாய் அஃது இருத்தல் வேண்டும். ஆங்கு முதற்கண் வைக்கத்தக்க வினாவையுஞ் சொல்லிவிடுகிறேன்: வற்றாத ஆறொன்றுமில்லாத இக்குடாநாட்டிலே, மாரி மழையை நம்பிச் சுண்ணக்கல்லிடைத் தேங்கும் நீர், கடல்மட்டம் உயர உயர, இன்னும் எத்துணை ஆண்டு உவராகாது நிற்கும்?