நிஜம் என்றால் சாம்பல் நிறமா?



லீவுக்கு வந்த பேரன் வீடியோ கேம் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடிந்த கட்டடம், புகை, பழுப்பு மண், சாம்பல் வானம். அடுத்த கேமும் அதே. கேட்டால், "அதுதான் தாத்தா ரியலிஸ்டிக்" என்கிறான்.

1985-ல் வந்த சூப்பர் மரியோ உங்களில் பலர் ஆடியதுதான். மொத்த விளையாட்டும் 40 கிலோபைட். நீங்கள் காலையில் அனுப்பும் குட்மார்னிங் படமே அதைவிடப் பெரிதாக இருக்கும்! இடம் போதாமல், மேகத்தின் படத்துக்கே பச்சை அடித்துப் புதராக வைத்தார்கள். கற்பனை என்றால் அது. இன்று கோடிக்கணக்கான நிறங்களைக் காட்டும் திரை இருக்கிறது. 2006-ல் கியர்ஸ் ஆஃப் வார் வந்த காலம் தொட்டு, எத்தனையோ துப்பாக்கி விளையாட்டுகள் ஒரே சேற்று நிறம்.

நிஜம் சாம்பல் நிறமா? ஜன்னலைத் திறந்து வேப்பங்கொழுந்தைப் பாருங்கள். அதில் மட்டும் எத்தனை நிறம்!

மரியோ இன்றும் வண்ணமாகத்தான் வருகிறது என்பீர்கள். உண்மைதான். ஆனால் "அது சின்னப்பிள்ளை கேம்" என்று பேரன் ஒதுக்குகிறான். என் கோபமே அங்குதான். பெரியவனாவது என்றால் நிறத்தை விட்டுவிடுவது என்று அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது?

கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் என் மாணவர்களே, வண்ணப்பெட்டியைத் திறங்கள். இது வீட்டுப்பாடம்.