குரங்கை நினைக்காதே

சென்ற மார்கழியில் கொல்லிமலையில் ஒரு முகாமுக்குப் போயிருந்தேன். ‘மனதைச் சுத்தம் செய்யும் இரண்டு நாட்கள்’ என்று அழைப்பில் போட்டிருந்தது. கட்டணம் 7,500 ரூபாய். நானாகப் போகவில்லை. என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் நண்பர் எனக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டார். மூன்று வருடமாக நான் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் என்பது அவருக்குத் தெரியும். “ஒரு தடவை வந்து பாருங்க சார், நெகட்டிவ் எல்லாத்தையும் மலையிலேயே இறக்கி வெச்சுட்டு வந்துடலாம்” என்றார். நல்ல மனுஷன். இந்தக் கட்டுரை அவர் மீது கோபப்பட்டு எழுதியதல்ல.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேட்டைத் தாண்டி ஒரு விடுதி. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருந்தது. குளிர் நன்றாகவே இருந்தது. முதல் நாள் இரவு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, மனதில் இருக்கும் எதிர்மறை எண்ணங்களையெல்லாம் எழுதச் சொல்லி, வரிசையாக வந்து நெருப்பில் போடச் சொன்னார்கள். பிறகு பயிற்சியாளர் பேசினார். நோய் என்பதே நாம் நினைப்பதால் வருவதாம். இது சித்தர்கள் வாழ்ந்த மலை, அவர்கள் என்ன மாத்திரையா சாப்பிட்டார்கள் என்று கேட்டார். எண்ணத்தை மாற்று, மருந்தைத் தூக்கிப் போடு என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை காபி கொண்டுவந்த அம்மா அறை வாசலிலேயே நின்றார். பக்கத்து ஊர்க்காரர், விடுதியில் சமையலுக்கு ஒத்தாசை.

“சார், ராத்திரி அந்த ஐயா சொன்னது நெசமாங்க? மாத்திரைய நிறுத்திடலாமா?”

“யாருக்கும்மா மாத்திரை?”

“எம் பையனுக்குங்க. நாலு வருசமா சாப்பிடறான். காதுக்குள்ள யாரோ பேசறாங்கன்னு ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தான். இப்ப பரவால்லீங்க, மிளகு பறிக்கக்கூடப் போறான். மாசம் ஒருக்கா நாமக்கல் போயி வாங்கியாறோம். பஸ் காசு பெரிசில்லீங்க, ரெண்டு பேருக்கும் ஒரு நாள் கூலி போயிருது.”

எனக்குக் கை நடுங்கியது. “டாக்டரைக் கேக்காம ஒரு நாள்கூட நிறுத்தாதீங்கம்மா” என்று சொல்லி, சட்டைப்பையில் இருந்த என் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வாத்தியாருமா?” என்றார்.

இந்த முகாம்களில் ஏமாறுவது காசு கட்டியவர்கள்தானே, போகட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கட்டாதவர் ஒருவர் சமையலறை வாசலில் நின்று அதே பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. அந்தப் பையனைப் போன்ற ஒருவருக்கு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பது மனநல மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரியும். சில வாரத்திலோ சில மாதத்திலோ அந்தக் குரல்கள் திரும்பி வரும்.

முதலில் அந்தச் சித்தர் கதையை முடித்துவிடுவோம். சித்தர் பெயரைச் சொல்லி விற்காத பொருள் இந்த மலையில் இல்லை. ஆனால் சித்த மருத்துவம் மனநோயை ‘கிரிகை’ என்று பெயரிட்டு, வகை பிரித்து, மருந்தும் சொன்ன மருத்துவம். எண்ணத்தை மாற்று, எல்லாம் சரியாகும் என்று சொல்லி அது ஆளை அனுப்பிவிடவில்லை. ‘அந்தக் காலத்துல மனநோய் ஏது’ என்பவர்கள் ஏர்வாடியை நினைத்துக்கொள்ள வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிப் போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். பழைய வழி, புதிய வழி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. நோயாளியை ஆளாக நடத்துவது எது என்பதுதான் என் கேள்வி.

அடுத்தது அந்த நெருப்பு. எண்ணத்தை விரட்ட முடியுமா? நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. வைத்தியர் மருந்தைக் கொடுத்துவிட்டு, “குடிக்கும்போது குரங்கை மட்டும் நினைச்சுடாதே” என்பார். அதன் பிறகு அந்த ஆளால் ஒரு மடக்குக்கூடக் குடிக்க முடியாது. 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் இதையே சோதனையாகச் செய்தார், குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ‘இப்போது நினைக்கலாம்’ என்று விட்டபோது, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. அடக்கிய எண்ணம் திரும்பி வருகிறது. நான் அன்று தாளில் எழுதிப் போட்டது, ‘நாளைக்கும் எழுந்திருக்க வேண்டுமே’ என்பது. அது மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கே வந்துவிட்டது. கூடவே புதிதாக ஒன்றும் வந்தது: ‘எரிச்சும் போகலையே, அப்ப தப்பு என் மேலதான்.’

இந்த வியாபாரத்தின் மிகப் பெரிய கெடுதல் இதுதான். நோயோடு குற்ற உணர்வையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று நினைத்துக்கொண்டிருப்பவனிடம், ‘நீ நினைப்பதால்தான் இப்படி இருக்கிறாய்’ என்று சொன்னால் அவன் என்னதான் செய்வான்?

இதையெல்லாம் ‘சி.பி.டி. டெக்னிக்’ என்றுவேறு சொன்னார்கள். அறிதல்-நடத்தைச் சிகிச்சையை 1960களில் தொடங்கிய ஆரன் பெக், நல்லதையே நினை என்று எங்கும் சொல்லவில்லை. தானாக எழும் எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, இதற்கு என்ன ஆதாரம், வேறு விளக்கம் உண்டா என்று கேட்கச் சொன்னார். ஏறக்குறைய ஒரு வக்கீல் வேலை. ‘பையன் பரீட்சையில் தோற்றான், நான் மோசமான வாத்தியார்’ என்பது போன்ற எண்ணங்களை என் மருத்துவர் இப்படித்தான் என்னோடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார். அதற்கு ஆறு மாதம் ஆனது.

பிரித்துப் பார்த்தபின் சில எண்ணங்கள் உண்மையாகவே இருந்துவிடும். இந்த மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகளில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறிவிட்டது. கிழங்கு கீழே சேகோ ஆலைகளுக்குப் போகிறது, விலையும் கீழேதான் முடிவாகிறது. விலை விழுந்த வருடத்தில், கடனோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் ‘இந்த வருசம் தேறாது’ என்று நினைப்பது எதிர்மறை எண்ணம் அல்ல, கணக்கு. அவரிடம் போய்ப் புன்னகைக்கச் சொல்கிறவருக்கு எந்த ஊரில் நிற்கிறோம் என்றே தெரியவில்லை. சிரித்தே ஆளைக் கொல்லும் பாவையின் மலை இது!

கணக்கு உண்மை என்பதால் அவரை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். நாடு முழுக்க அவ்வாறு இறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். இலங்கை என்ன செய்தது என்று பாருங்கள். 1995இலிருந்து கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. பத்து ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. யாருடைய எண்ணத்தையும் அங்கே யாரும் எரிக்கவில்லை. அந்த நினைப்பு பெரும்பாலும் ஒரு அலை போல வந்து போவது. அது கடக்கும் வரை கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாமலிருந்தால் ஆள் பிழைத்துக்கொள்வார். கடலூர் மாவட்டக் கிராமங்களில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான இடத்தில் பூட்டி வைத்துப் பார்த்ததும் இதற்காகத்தான். மனநலம் என்ற தலைப்பில் பூட்டும் சாவியும் வரும் என்று எந்த முகாமிலும் சொல்ல மாட்டார்கள்.

பேச்சு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. யார் பேசுகிறார், எங்கே பேசுகிறார் என்பதுதான் விஷயம். ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் மனச்சோர்வுக்கு வழங்கும் சொல் ‘குஃபுங்கிசிசா’. ‘அளவுக்கு மீறி யோசிப்பது’ என்று பொருள். நம்மூரிலும் ‘ரொம்ப யோசனை பண்றான்’ என்றுதானே சொல்கிறோம். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் ஒரு இளம்பெண் நோயாளியைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தார். ஏன் மருத்துவமனைக்கு வரவில்லை என்று கேட்டபோது, பஸ்ஸுக்குப் பணமில்லை என்றார் அந்தப் பெண்ணின் தாய். அதன் பிறகு, 2006இல், ஹராரே நகரில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் மரப்பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். வந்தவர் மனதிலுள்ளதைக் கொட்டுவார், பாட்டி கேட்பார், இருவருமாக ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்து அதற்கு என்ன செய்யலாம் என்று பார்ப்பார்கள். இதனால் மனச்சோர்வு குறைந்தது என்பது 2016இல் முறையான ஆய்வாகவே வெளிவந்தது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவர் அல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு உட்கார்ந்தார்கள். எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல், விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளைத் திரும்பச் செய்ய வைத்தார்கள். 2017இல் வந்த முடிவு: அவர்களிடம் போனவர்களில் 100க்கு 64 பேர் தேறினார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 பேர்.

அந்த அம்மா சொன்ன ஒரு நாள் கூலியும் ஹராரேயின் பஸ் காசும் எனக்கு ஒன்றாகவே படுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. அதன் 18ஆம் பிரிவு, மனநல சேவை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. அதற்காக யாரும் வெகுதூரம் பயணம் செய்ய நேரக்கூடாது, வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எனக்குத் தெரிந்து கொல்லிமலைக்கான மனநலத் திட்டம் அதுதான். அந்தப் பையனின் மாத்திரை மாதாமாதம் மலையேறி வர வேண்டும். செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ ஒரு பெஞ்சு வேண்டும், அதில் அந்த மலைக்காரர்களின் பேச்சே தெரிந்த ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவரை 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அம்மாவிடம் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

“எனக்கு முகாம் பயன்பட்டதே” என்கிறார் நண்பர். பட்டிருக்கும். இரண்டு நாள் வீட்டை விட்டு வந்து, நன்றாகத் தூங்கி, நாலு பேரோடு சிரித்துப் பேசினால் யாருக்கும் மனசு லேசாகும். அதற்குப் பெயர் விடுமுறை. விடுமுறை என்று சொல்லியே விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

ஊர் திரும்பியதும் முகாமின் வாட்ஸப் குழுவில், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று இரண்டு வரி போட்டேன். ‘நெகட்டிவ் பதிவுகளைத் தவிர்க்கவும்’ என்று பதில் வந்தது, பிறகு என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த அம்மாவிடம் போன் நம்பர் வாங்காமல் வந்துவிட்டேன். பங்குனியில் திரும்பப் போக வேண்டும்.