கம்பமெட்டு ஜீப்பில் ஏறாத புத்தகங்கள்

வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோர ஊர்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. 71 அடியோடு அணை நிறைந்துவிடும். தேனிப் பக்கத்தில் எல்லை என்ற சொல்லுக்கே இப்படி ஓர் அடிக்கணக்கு உண்டு. முல்லைப் பெரியாறு அணையில் 152 அடியாக இருந்த மட்டம் 1979-க்குப் பிறகு 136 ஆனதும், 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 142 அடிக்கு வழிவிட்டதும் கூடலூர் டீக்கடைகளில் மனப்பாடம்.

இங்கே தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரிக்கும் எல்லையைப் பற்றிய புனைவல்லாத எழுத்தைத் தேடினால் முதலில் கையில் வருவது, அணை கட்டிய பொறியாளர்களுள் ஒருவரான ஏ.டி. மெக்கன்சி 1899-இல் வெளியிட்ட பெரியாறு திட்ட வரலாறு. மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே இறக்கிய வேலையின் பதிவு அது. 1886 அக்டோபர் 29 ஒப்பந்தப்படி 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், 999 ஆண்டுக் குத்தகை. அந்தச் சுரங்கத்தில் இறங்கும் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக வயல்களை நனைத்துவிட்டு வைகை அணைக்கு வந்து சேர்கிறது. அடுத்து ம.பொ.சி.யின் ‘எனது போராட்டம்’. தேவிகுளம், பீர்மேடு கேட்டு நடந்த கிளர்ச்சிகளும், 1956 நவம்பர் 1-இல் அவை கேரளத்தோடேயே நின்றுபோன ஏமாற்றமும் அந்தத் தலைமுறையின் எழுத்தில் இன்னும் ஆறாமல் இருக்கின்றன. பிறகு ஆணையங்களின் அறிக்கைகள், தீர்ப்புகள், உரிமையை நிலைநாட்டும் நூல்கள். எல்லாம் தேவையானவை. ஆனால் பொறியாளரும் தலைவரும் வழக்கறிஞரும் எழுதிய எல்லை இது. அதைத் தினமும் தாண்டுகிறவர்கள் இந்தப் பக்கங்களில் பெரும்பாலும் கூட்டமாகவே வருகிறார்கள், பெயரோடு வருவதில்லை.

விடியுமுன் கம்பத்தில் நின்று பாருங்கள். தூக்குவாளியில் சோறு, தலையில் கட்டிய துண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக் கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். எங்கே என்று கேட்டால் “மலைக்கு” என்பார்கள். கேரளா என்று சொல்லி நான் கேட்டதில்லை. பொழுது சாய்ந்ததும் திரும்பி வருகிறார்கள். அவர்கள் பறித்த காய் போடியிலும் ஏலம் போகிறது, அந்தப் பக்கம் புற்றடியிலும் போகிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை கொதித்துக் குமுளிப் பாதை அடைபட்டபோது முதலில் கூலி இழந்தவர்கள் இவர்களே. இருபக்கத் தலைவர்களும் பேசியது செய்தியாக நிற்கிறது. அந்த நாட்களில் இந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது எங்கே பதிவாகியிருக்கிறது?

மற்ற எல்லைகளுக்கு இப்படிச் சாதாரண மனிதர்களைப் பதிவுசெய்யும் நூல்கள் வந்திருக்கின்றன. பிரிவினையின் பெண்களையும் குழந்தைகளையும் தேடிப்போய்ப் பேசவைத்த ஊர்வசி புட்டாலியாவின் நூல் 1998-இல் வந்தது. சென்னையில் பிறந்த சுசித்ரா விஜயன் ஏழு ஆண்டுகள், 9,000 மைல் இந்திய எல்லையோரம் பயணம் செய்து 2021-இல் ஒரு நூல் கொடுத்தார். இரண்டிலும் வரைபடத்துக்கு முன்னால் மனிதர்கள் நிற்கிறார்கள். நம் பக்கம் வைகை அணையில் மூழ்கிய ஊர்களின் துயரம் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாச’மாயிற்று, அது நாவல். நாவல் செய்வதை நாவல் செய்யட்டும், தேதியும் பெயரும் கூலிக் கணக்கும் உள்ள நூல் வேறு வேலை செய்யும்.

எழுத எத்தனை இருக்கிறது! வண்ணாத்திப்பாறை மலைமேல் மங்கலதேவி கண்ணகி கோயில். சித்ரா பௌர்ணமி ஒருநாள் மட்டும் இரு மாநில அதிகாரிகளும் கூடிப் பேசித் திறந்துவிடுகிறார்கள். பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுகிறவர்களும் குமுளியிலிருந்து ஜீப்பில் போகிறவர்களும் ஒரே வாசலில் நிற்கிறார்கள். அந்த ஒருநாளையே ஒரு நூலாக்கலாம்.

1956-இல் இருபது வயதில் மலையேறிக் கூலிக்குப் போனவர்களுக்கு இன்று தொண்ணூறு ஆகிறது. கம்பத்திலும் போடியிலும் தேனியிலும் படிக்கிற பிள்ளைகள் கையில் ஒலிப்பதிவு செய்ய போன் இருக்கிறது. உங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பாட்டி இருப்பார். இந்த வாரமே போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.