ஆமை ஏன் வாயைத் திறந்தது?

தேயிலை மலைகளிலுள்ள நம் பாடசாலைகளின் பரிசளிப்பு விழா மேடைகளில் ஆண்டுதோறும் ஓர் ஆமை விழுந்து சாகிறது. குளம் வற்றிப்போகிறது, இரண்டு அன்னங்கள் ஒரு குச்சியின் இரு முனைகளையும் கௌவிக்கொள்ள, நடுவே ஆமை பற்றித் தொங்க, வேறோர் ஏரியை நாடிப் பயணம் தொடங்குகிறது, தவளைகளும் மீன்களும் பாட்டுப் பாடி வழியனுப்புகின்றன, நடுவானத்தில் ஆமை வாயைத் திறக்கிறது. அவ்வளவுதான்! அட்டையாற் செய்த ஓடு மேடையில் உருளுகிறது. பிரதம விருந்தினர் வாய்விட்டுச் சிரிக்கிறார். வாயடக்கமே வாழ்வின் அணிகலன் என்று பின்னணிக் குரல் புத்தி புகட்ட, திரை விழுகிறது.

டிக்கோயாவில் ஆசிரியப் பணி ஏற்ற நாள் முதல் இவ்விசை நாடகத்தைப் பன்முறை கண்டிருக்கிறோம். இருமுறை நாமே பயிற்றுவித்தோம் என்பதையும் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். ஆகவே இங்கு தொடுக்கும் வழக்கில் முதற் குற்றவாளி நாமே.

இரண்டாம் முறை ஒத்திகையின்போது நடந்தது இது. ஆமை வேடம் பூண்டவன் ஏழாம் வகுப்பு மாணவன். தாய் கொழுந்து பறிப்பவள், தகப்பன் கொழும்பிலே கடைச் சிப்பந்தி. ஓட்டை முதுகிற் கட்டிக்கொண்டு நின்றவன், "ஆமை என்னா சேர் கேட்டுச்சு?" என்றான். நமக்கு விளங்கவில்லை. "வாயத் தொறந்துச்சுன்னு சொல்றீங்களே, தொறந்து என்னா கேட்டுச்சு?" பிரதியைப் புரட்டினோம். ஆமைக்கு வசனமே இல்லை. ஆமை வாயைத் திறக்கிறது, விழுகிறது என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. ஆசிரியருக்குரிய அதிகாரத்தோடு, "அது இப்ப தேவையில்ல, நீ விழு" என்றோம். விழுந்தான். நன்றாகவே விழுந்தான். பாராட்டுச் சான்றிதழும் பெற்றான்.

பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றுப் பட்டம் பெற்றவர் என்று பெயர். ஒரு சிறுவனின் கேள்விக்கு விடை தெரியவில்லை! வெட்கத்தோடு பழைய நூல்களைத் தேடிச் சென்றோம். தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழாக்க, 1826-இல் அச்சேறிய பஞ்சதந்திரக் கதை நம் தமிழ் உரைநடையின் தொடக்க நூல்களுள் ஒன்று. அக்கதை மரபில் ஆமை கேட்டது மிக எளிய கேள்வி. கீழே ஊரார் போடும் கூச்சல் எதற்காக என்று கேட்டது. பௌத்தர்களின் கச்சப ஜாதகத்தில், கீழே நின்று கேலி செய்த சிறுவர்களுக்கு, என் தோழர் என்னைச் சுமந்தால் உமக்கென்ன என்று விடைசொல்ல வாயெடுத்தது. ஒன்றில் கேள்வி, மற்றதில் மறுமொழி. இரண்டும் மானமுள்ள எவனும் பேசக்கூடியவையே.

அதைவிட முக்கியமானது, அக்கதை யாருக்குச் சொல்லப்பட்டது என்பது. ஜாதகக் கதையில் ஆமை விழுவது காசி அரசனின் அரண்மனை முற்றத்தில். அவ்வரசன் ஓயாது பேசுபவன், பிறரைப் பேசவிடாதவன். அவனைத் திருத்தத் தருணம் பார்த்திருந்த அமைச்சர், ஆமையின் பிளந்த ஓட்டைக் காட்டி உபதேசம் செய்கிறார். குறிப்பறிந்த அரசன் அன்று முதல் அளந்து பேசுகிறான். பஞ்சதந்திரமோ, மூன்று அரச குமாரர்களுக்கு ஆளும் நெறி புகட்ட எழுந்த நூல் என்று தானே கூறிக்கொள்கிறது. ஆள்வோனின் வாயைக் கட்டச் சொன்ன கதை அது! அதை லயத்துப் பிள்ளைக்குச் சொல்கிறோம். அரசனோ முன்வரிசையில் மாலையுடன் அமர்ந்து கைதட்டுகிறான். அவனுக்கு நீண்ட உரையாற்ற நேரமும் ஒதுக்கித் தருகிறோம்.

குளம் வற்றுவது இங்குள்ள பிள்ளைகளுக்குக் கற்பனை அன்று. 1965-இல் அமைந்த காசல்ரீ நீர்த்தேக்கம் டிக்கோயாச் சரிவுகளிலிருந்து தெரிகிறது. கோடையில் நீர் இறங்க இறங்கச் செம்மண் கரை அகன்று வருவதைப் பள்ளிக்கு நடக்கும்போதே பார்க்கிறார்கள். பீலியில் நீர் நூலாக ஒழுகும் நாட்களில் வாளியுடன் வரிசையில் நிற்பவர்களும் அவர்களே. நீர் தேடிப் போகும் உயிர்களின் கதையை இவர்களுக்கு விளக்கவேண்டிய தேவை இல்லை.

பயணமோ! இரு பறவைகள் இரு முனைகளைக் கௌவ, நடுவே வாய்மூடித் தொங்குவது என்னவென்று இம்மக்களைவிட அறிந்தார் யார்? 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் பெருந்தொகையான மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் ஒப்பந்தம் செய்தார்கள். கணக்கு 975,000 உயிர்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டது. 1974-இல் அதையும் சரிபாதியாகப் பிளந்தார்கள். அண்ணன் ஒரு கரையில், தங்கை மறுகரையில். குச்சியில் தொங்கிய எவரிடமும், எந்த ஏரிக்குப் போக விருப்பம் என்று இரண்டு அன்னங்களும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட மக்களின் பேரப்பிள்ளையை ஆமையாக்கி, வாய் திறந்ததே அதன் குற்றம் என்று கற்பிப்பதைக் கல்வி என்று எப்படி அழைப்பது?

பஞ்சதந்திரத்தின் அதே முதற் பகுதியில் இன்னொரு குளம் வற்றுகிறது. அதை மேடையேற்றுவாரைக் காண்பது அரிது. கிழக் கொக்கு ஒன்று மீன்களிடம் வந்து கண்ணீர் விடுகிறது: இக்குளம் வற்றப்போகிறது, உங்களை ஒவ்வொருவராகப் பெரிய ஏரிக்குக் கொண்டு சேர்க்கிறேன். போன மீன் எதுவும் திரும்பவில்லை. கடைசியில் நண்டின் முறை வருகிறது. கொக்கின் கழுத்தைப் பற்றியபடி பயணம் செய்த நண்டு, பாறையில் முள்ளும் எலும்பும் குவிந்து கிடப்பதைக் காண்கிறது. கேட்கிறது. பிறகு பிடியை இறுக்குகிறது. தலை துண்டாகிறது.

இக்கதையின் ஜாதக வடிவத்தில் நுட்பமான ஒரு செய்தி உண்டு. மீன்கள் கொக்கை எடுத்த எடுப்பில் நம்பிவிடவில்லை. ஒற்றைக் கண்ணுடைய பெருமீன் ஒன்றைச் சாட்சியாக அனுப்புகின்றன. கொக்கு அதற்கு ஏரியைச் சுற்றிக்காட்டிப் பத்திரமாகத் திருப்பிக் கொணர்கிறது. அம்மீன் ஏரியின் அழகைப் புகழ்ந்து பேச, மற்றவை வரிசையில் நிற்கின்றன. இதைப் படித்தபோது கங்காணியைத் தவிர வேறெவரும் நம் நினைவுக்கு வரவில்லை. மேற்சட்டையும் கடுக்கனுமாகச் சொந்த ஊருக்குத் திரும்பி, கண்டிச் சீமையில் செடியின் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி ஆள் கட்டினானே, அவனும் அக்குளத்து மீன்தான். துரையின் முன்பணத்தைத் தந்து அவனை அனுப்பிய கொக்கு வேறு. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியில் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் பலியானோரின் எலும்புகளுக்குக் கணக்கு வைத்தவர் யார்? தப்பி வந்து சேர்ந்தவர்களைக் கடன் பிணித்தது. கடனைக் குறித்த ‘துண்டு’ இன்றி வேறு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. அம்முறை சட்டப்படி ஒழிந்தது 1921-இல்.

அப்பயணத்தின் நினைவாகத்தான் 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையை அடைந்த நடைப்பயணம் நிகழ்ந்தது. இருநூறாண்டுக்குப் பிறகு பேரப்பிள்ளைகள் அதே வழியை நடந்து அளந்தார்கள். சாகசப் பயணக் கதை வேண்டுமென்று அயல்நாட்டுப் படத்தைப் பார்த்து வாத்துக்கும் தவளைக்கும் சட்டை தைக்கும் நம் ஆசிரிய நண்பர்களுக்கு இப்பயணம் கண்ணிற்படாமற் போன விந்தையை என்னவென்பது!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்நாடகங்களில் பிள்ளைகள் பாடுவதில்லை. பாட்டும் வசனமும் முன்கூட்டியே பதிவாகி ஒலிபெருக்கியில் வருகின்றன. பிள்ளைகள் வாயசைக்கிறார்கள். பதிவில் ஒலிப்பது பெரும்பாலும் வானொலித் தமிழ். ‘அப்பாயி’ என்றும் ‘இந்தா வாறேன்’ என்றும் பேசும் குழந்தையின் நாவு அம்மேடைக்கு ஆகாது என்று தீர்ப்பாகிவிட்டது. வாய் திறந்த ஆமை சாகும் கதையை, குரல் எழாத வாய்களைக் கொண்டு நடிக்கச் செய்கிறோம்! இதைவிடப் பொருத்தமான அவலம் உண்டா?

பாட்டுக்குப் பஞ்சமான மண்ணா இது? மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும்போது ரதி மதனோடு தோட்டமே இரவு முழுதும் விழித்திருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கும் தப்பின் அடிகள் கைவந்திருக்கின்றன. 1931-இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கண்ட கோ. நடேசய்யர், ‘இராமசாமி சேர்வையின் சரிதம்’ என்று நாடகமே எழுதினார். அவர் துணைவி மீனாட்சியம்மை கூட்டம் தோறும் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். பேச்சு எட்டாத காதுகளுக்குப் பாட்டு எட்டும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அதே அட்டனுக்கு அடுத்த ஊரில் நாம் பாட்டைக்கொண்டு வாயை மூடுகிறோம்.

தப்பைப் பற்றிப் பேசினால் ஒரு முணுமுணுப்பு எழும்; அதையும் ஒளிக்கவேண்டாம். பெரட்டுக்கு ஆளெழுப்பவும் சாவுக்கும் திருவிழாவுக்கும் அக்கருவி வேண்டும். பாடசாலை மேடைக்கு மட்டும் ஆகாதாம், ஏனெனில் அதை அடிப்பவர் ‘இன்னார்’. இம்முணுமுணுப்பைத் துரைமாரிடம் நாம் கேட்கவில்லை. நம் ஆசிரியர் அறையிலேயே கேட்டோம்.

"பிள்ளைகளுக்கு எதற்கையா அரசியல்? சிரித்துவிட்டுப் போகட்டுமே" என்கிறார் நாம் மதிக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர். சிரிப்பை நாம் வெறுக்கவில்லை. ஆமையைத் தள்ளிவிட்டதும் அரசியல்தானே என்று மட்டும் கேட்கிறோம். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் விழும். ஏனென்று கேட்டவளுக்கு மறுநாள் மோசமான மலை கிடைக்கும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டு 2018 ஒக்டோபரில் கறுப்புடையணிந்த இளைஞர் காலிமுகத்திடலில் கூடினார்கள். அவ்வாயிரம் வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். வாய் திறந்தும் இத்தனை ஆண்டு! திறக்காதிருந்தால்?

நம் தரப்பாரையும் விட்டுவிடலாகாது. முற்போக்கு என்ற பெயரில் தவளையை மேசைமேல் ஏற்றி, உபரி மதிப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவைத்த நாடகம் ஒன்றையும் பார்த்தோம். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், நாமும் விட்டோம். குழந்தை அரங்கு கூட்ட மேடை அன்று. மாஸ்கோவில் நத்தாலியா சாட்ஸ் அம்மையார் நடத்திய குழந்தைகள் அரங்குக்காக 1936-இல் புரொகோஃபியெவ் அமைத்த ‘பீட்டரும் ஓநாயும்’ என்ற இசைக்கதையில் கோஷம் ஒன்றும் இல்லை. ஒரு குளம், ஒரு வாத்து, ஒரு பறவை, தாத்தாவின் தடையை மீறி வெளியே செல்லும் ஒரு சிறுவன். அவன் ஓநாயைப் பிடிக்கிறான். அவ்வளவே. அப்படைப்பைத் தூண்டிய அம்மையார் மறு ஆண்டே கைதாகி ஆண்டுக்கணக்கில் சிறைமுகாமில் கிடந்தார் என்பதையும் சேர்த்தே சொல்வோம். அதைச் சொல்லத் தயங்குவோமானால் ஆமையைப் பற்றி எழுத நமக்கு உரிமை இல்லை.

வழிகாட்டிகள் தூரத்தில் மட்டும் இல்லை. 1978-இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் ‘கூடி விளையாடு பாப்பா’ எழுதினார். மௌனகுரு ‘தப்பி வந்த தாடி ஆடு’ எழுதினார். ஆட்டமும் பாட்டுமாகக் குழந்தை அரங்கை வளர்த்தவர்கள் அவர்கள். அவற்றையே கொணர்ந்து இங்கு நடிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. நம் குளத்துக்கு நம் தவளைகள் வேண்டும்.

இவ்வாண்டு நம் வகுப்பில் அட்டை ஓட்டை மீண்டும் எடுத்திருக்கிறோம். ஒலிப்பதிவு கிடையாது. தப்பு அடிக்க ஒரு மாணவனின் தாத்தா வந்து கற்றுத்தருகிறார்; முதல் நாள் வாசலிலேயே நின்றவரை ஆசிரியர் அறைக்கு அழைத்துச் சென்று நாற்காலியில் அமர்த்த வேண்டியிருந்தது. கொக்கு உண்டு, ஒற்றைக் கண் மீன் உண்டு, நண்டு உண்டு. ஆமை விழுகிறது, ஆனால் தேயிலைச் செடிமேல் விழுவதால் சாகவில்லை. இது பிள்ளைகளின் ஏற்பாடு, நமக்கு அதிற் பங்கில்லை. விழுந்த ஆமை எழுந்து முதலில் என்ன கேட்கும் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மூவர் மூன்று விதமாகச் சொல்கின்றனர், நான்காமவள், ஆமை நேரே அன்னங்களைப் பார்த்து, "எங்க கூட்டிக்கிட்டுப் போறீங்க?" என்றுதான் கேட்கவேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் நால்வரும் ஒவ்வொரு முறை விழுந்து பார்க்கப் போகிறார்கள்.