வயர்லெஸ்ஸைக் கடைசியில் வாங்கலாம்

போன வாரம் எங்கள் நுண்கலை மன்றத்தில் ஒரு சின்னச் சண்டை. இசைக்குழுவுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். "வயர்லெஸ் இன்-இயர் ரெண்டு செட் வாங்கிடலாம்" என்று ஒரே கூச்சல். பொருளாளரான நான் மட்டும் தலையாட்டவில்லை. பி.காம் படிக்கிறவனுக்கு ஆடியோவில் என்ன வேலை என்று கேட்டார்கள். கணக்கு பார்ப்பதுதாங்க வேலை :-)

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்கவேண்டும் என்று காலடியில் சாய்வாக ஒரு ஸ்பீக்கர் வைத்திருப்பார்களே, அதுதான் மானிட்டர். அதன் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போனால் 'ஊய்ய்ய்' என்று அலறும். டிரம்ஸ் சத்தத்தில் பாடகிக்கு எதுவும் கேட்காது, மானிட்டரைக் கூட்டச் சொல்வார். உடனே கிடார்காரர் தன் ஆம்ப்பைக் கூட்டுவார். ஏலம் மாதிரி ஏறிக்கொண்டே போகும். கடைசியாக நடந்த விழாவுக்குப் பிறகு எங்கள் டிரம்மருக்கு இரண்டு நாள் காதில் 'ஙொய்' என்று இரைச்சல். பாடகிக்கு ஒரு வாரம் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. ஆகவே காதுக்குள் மாட்டும் மானிட்டர் கட்டாயம் வேண்டும். எனக்கு இடிப்பது 'வயர்லெஸ்' என்ற வார்த்தைதான்.

மிக்ஸரில் 'ஆக்ஸ்' என்று தனி அவுட்புட்கள் இருக்கும். மேடையில் இருப்பவருக்கு வேண்டிய கலவையை அதில் அனுப்பலாம். அதை டிரான்ஸ்மிட்டர் காற்றில் அனுப்பும், இடுப்பில் மாட்டிய பெல்ட் பேக் வாங்கி இயர்போனுக்குக் கொடுக்கும். அவ்வளவுதான் வயர்லெஸ். நடுவில் ஒரு கேபிள் போட்டு, பெல்ட் பேக்குக்குப் பதில் சின்ன ஹெட்போன் ஆம்ப் வைத்தாலும் காதுக்கு வருவது அதே கலவைதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். எங்கள் குழுவில் 6 பேர். டிரம்மரும் கீபோர்டுகாரரும் உட்கார்ந்தே வாசிக்கிறார்கள். கிடார், பாஸ் இருவருக்கும் ஏற்கெனவே கேபிள் தொங்குகிறது, கூட ஒன்று தொங்கினால் குடி முழுகிவிடாது. மேடை முழுக்க ஓடியாடிப் பாடுவது ஒரே ஒருவர். ஐந்து பேருக்கு வயர், அவருக்கு மட்டும் வயர்லெஸ் போதாதா?

இன்னொன்றை யாரும் யோசிக்கவில்லை. எங்கள் மிக்ஸரில் ஆக்ஸ் மொத்தமே 4. வயர்லெஸ்காரர்கள் இருவரும் ஸ்டீரியோவில் கேட்க ஆசைப்பட்டால் ஆளுக்கு 2 போய்விடும். மீதி நான்கு பேர் கதி? அதற்குப் பதில் எல்லாருக்கும் மோனோ, பாடகர்களுக்கு ஆளுக்கு ஒன்று, கீபோர்டும் கிடாரும் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளட்டும், டிரம்ஸும் பாஸும் இன்னொன்றை. ஆறு பேருக்கும் ஆச்சு.

வயர்லெஸ்ஸுக்குத் தனித் தலைவலிகளும் உண்டு. 500, 501 மெகாஹெர்ட்ஸில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களைப் பக்கத்தில் வைத்தால், இரண்டும் கலந்து 499-லும் 502-லும் பேய்ச் சிக்னல்கள் முளைக்கும். மூன்றாவது செட்டை 502-ல் வைத்தால் போச்சு. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 700 மெகாஹெர்ட்ஸ் செட் பக்கமும் போகக்கூடாது. 2022 ஏலத்தில் அந்த அலைவரிசையை ஜியோ எடுத்துவிட்டது. "புளூடூத் இயர்பட்ஸ் போதாதா மச்சி?" என்று ஒருவன் கேட்டான். சாதாரண புளூடூத்தில் ஒலி 0.1 விநாடிக்கு மேல்கூடத் தாமதமாகும். அந்த நேரத்தில் காற்றில் ஒலி 34 மீட்டர் போய்விடும். டிரம்மரை மைதானத்தின் மறுமுனையில் உட்காரவைத்து இங்கே பாடுவது போல!

மிச்சமாகும் பணத்தை நல்ல இயர்போனில் போடலாம் என்பது என் கட்சி. காதை இறுக்கமாக அடைக்காத இயர்போனில் பாஸ் கேட்காது, உடனே வால்யூமைக் கூட்டுவோம். 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம், 100 டெசிபலில் 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு. திடீர் சத்தத்தைத் தடுக்கும் லிமிட்டர் இல்லாத கருவியை எங்கள் ஆள் யார் காதிலும் மாட்டக்கூடாது.

ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பாடுவதும் தப்பு. மாட்டிய காதில் சத்தத்தைக் கூட்டத்தான் தோன்றும். கைத்தட்டல் கேட்கவில்லை என்பதால்தான் கழற்றுகிறார்கள், கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக் வைத்துக் கலவையில் சேர்த்தால் தீர்ந்தது.

கேபிள் அசிங்கமாகத் தெரியும், கால் தடுக்கும் என்கிறார்கள். உண்மைதான். டேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம். மேடையில் இரண்டு பேர் ஸ்டைலாக நிற்க மற்ற நான்கு பேர் காது கெடவேண்டுமா? வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இதைத்தான் கேட்கப்போகிறேன். தோற்றாலும் பரவாயில்லை, டிரம்மருக்கு மட்டுமாவது என் கைக்காசில் ஒரு ஜோடி இயர் பிளக் வாங்கிக் கொடுத்துவிடுவேன்.