குரோட்டன்ஸ் தொட்டியும் அப்பாவின் காதும்

எலக்ட்ரானிக்ஸ் பிரிவுக்காரன் செடி வளர்ப்பு பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

ஓட்டு வீட்டை இடித்து கான்கிரீட் வீடு கட்டிய பிறகு, அப்பாவுக்கு ரேடியோ செய்தி புரியவில்லை. "எனக்குக் காது போயிடுச்சுடா" என்று சொல்லி ரேடியோவைத் தொடுவதையே விட்டுவிட்டார். நான் சும்மா இருப்பேனா? புது ஆம்ப்ளிஃபயர் போர்டு, எட்டு அங்குல ஸ்பீக்கர்... சத்தம்தான் கூடியது, வார்த்தை தெளியவில்லை.

"ரூம்ல செடி வைடா, எதிரொலி அடங்கிடும்" என்றான் நண்பன் ஒருவன். ஆறு தொட்டி குரோட்டன்ஸ் வாங்கினேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்! கைதட்டிப் பார்த்தால் அதே 'டர்ர்ர்'.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேச்சே புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்ய 1895-இல் இறங்கியவர் சபைன். இன்னொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து போட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் வழிவந்த சூத்திரம்: கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையின் மொத்த ஒலி உறிஞ்சலால் வகுக்க வேண்டும். எங்கள் அறை 32 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்த்து 61 சதுர மீட்டர். சிமெண்ட் பூச்சு நூற்றுக்கு இரண்டு பங்கு உறிஞ்சும் என்று வைத்தால், காலி அறையில் 4 வினாடிக்கு மேல்! ஒரு வார்த்தை அடங்குமுன் பத்து வார்த்தை வந்து விழுந்தால் யாருக்குத்தான் புரியும்? ஒரு சதுர மீட்டர் ஜன்னலைத் திறந்தாலே அது 2.3 வினாடியாகிறது. வெளியே போன ஒலி திரும்பாதே! (பழைய வீட்டில் ஓட்டு இடுக்கெல்லாம் அந்த வேலையைச் செய்திருக்கும். சிவில் நண்பர்கள் கவனிக்க!)

செடி என்ன செய்யும்? 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், கையகல இலை அதைத் தடுக்குமா? 3,400 ஹெர்ட்ஸில் அலைநீளம் 10 சென்டிமீட்டர். அங்கே இலைகள் ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும். தொட்டியின் பொலபொலப்பான மண்ணும் கொஞ்சம் உறிஞ்சும். ஆனால் ஆறு தொட்டி மண்ணையும் சேர்த்தால்கூடப் பரப்பு அரை சதுர மீட்டர் வராது. செடி கண்ணுக்கு அழகு, இருக்கட்டும். காதுக்கு வேண்டியது பஞ்சு. நாம்தான் 'எத்தனை வாட்ஸ்?' என்று கேட்கிறோமே தவிர, 'எத்தனை வினாடி?' என்று கேட்பதே இல்லை.

பாட்டியின் இலவம்பஞ்சு மெத்தை இரண்டை ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் சாய்த்தேன். தரையில் பழைய ஜமுக்காளம். பைசா செலவில்லை. அன்று சாயங்காலம் நானே ரேடியோவைப் போட்டேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. செய்தி பாதியில் எழுந்து வந்து வால்யூமைக் குறைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.