எந்திரப் போட்டியும் பெற்றோர் மடிச்சீலையும்

யூபிலி மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் எம்மை அணுகியபோது, சங்க இலக்கியம் பற்றியோ கந்தபுராண கலாசாரம் பற்றியோ ஏதேனும் எழுதித் தருவோம் என்றே எண்ணியிருப்பர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மாணவர் றோபோப் போட்டிகளின் செலவு. தமிழாசிரியருக்கு இதில் என்ன அலுவல் என்று வினவுவார்க்கு விடை எளிது. எமது மாணவர் இப்போட்டிகளிற் பங்குபற்றத் தொடங்கிய நாள்முதல், கடல் கடந்து வாழும் பழைய மாணவரிடம் பண உதவி கோருங் கடிதங்களை எழுதும் பணி எம்மையே வந்தடைகின்றது. நல்ல தமிழில் இரந்தால் நல்ல தொகை வரும் என்பது நிருவாகத்தாரின் நம்பிக்கை போலும். கடிதம் எழுதியவரே பொறுப்பாசிரியராகவும் அணியோடு செல்லட்டும் என்று பின்னர் தீர்மானித்துவிட்டனர். ஆகவே பொறியின் நுட்பம் எமக்கு அரைகுறையாகவே விளங்கினும், அதன் கணக்கு முற்றாக விளங்கும்.

றோபோ என்னுஞ் சொல், செக்கு நாட்டு நாடகாசிரியர் கரேல் சாப்பெக் 1920 இல் எழுதிய நாடகமொன்றின் வழியே உலக மொழிகளிற் புகுந்தது. அம்மொழியிற் கட்டாய ஊழியத்தைக் குறிக்குஞ் சொல்லடியாகப் பிறந்தது அது. சொல் புதிதாயினும் பொருள் எமக்குப் புதிதன்று. சீவகசிந்தாமணியிற் சச்சந்தன் தன் தேவியைக் காக்க மயிற்பொறி ஒன்று செய்வித்தான். விசயை அதனைத் திருகிச் செலுத்தப் பயின்றாள். அப்பொறிக்கு அரசனுடைய பண்டாரம் இருந்தது. இக்காலத்துப் பிள்ளைகளின் பொறிக்கு யாருடைய பண்டாரம் என்பதே நாம் கேட்க வந்தது.

நாம் இப்போட்டிகளுக்குப் பகைவரல்லர். வகுப்பிற் புணர்ச்சி விதி தொடங்கிய ஐந்தாம் நிமிடத்திலே யன்னலுக்கு வெளியே பார்வையைச் செலுத்தும் மாணவன் ஒருவன், இரண்டு சில்லுகளில் ஒன்று மாத்திரம் ஏன் பிந்திச் சுழல்கின்றது என்று கண்டறியப் பிற்பகல் முழுவதும் நிலத்திற் குந்தியிருந்ததை நாம் பார்த்திருக்கின்றோம். பிழை செய்நிரலில் இருக்கவில்லை. தளர்ந்த ஆணி ஒன்றிலே இருந்தது. அதனைக் கண்டுபிடித்தபோது அவன் முகத்திலே தோன்றிய ஒளியை எமது இலக்கண பாடம் ஒருநாளும் வருவித்ததில்லை. ஒப்புக்கொள்வதில் நாணமில்லை.

செலவு என்றதும் பலரும் பொறியையே நினைக்கின்றனர். அது முழு உண்மையன்று. இத்தாலியின் இவ்ரேயா நகரிலே 2005 இல் உருவான ஆர்டுயினோ என்னும் மின்சுற்றுப் பலகையின் வரைபு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆதலின் அதனை எவருஞ் செய்து விற்கலாம். மலிவான படிகள் எங்குங் கிடைக்கின்றன. இத்தகைய பலகை ஒன்று, இரண்டு சிறு மோட்டர்கள், சில உணரிகள், ஒரு பற்றாசுக்கோல், பழைய மரப்பலகைத் துண்டுகள் என்பன இருந்தாற் பிள்ளைகள் ஓராண்டு முழுவதுங் கற்கலாம். ஆனாற் சில போட்டிகள் குறித்த ஒரு நிறுவனத்தின் பெட்டியையே வேண்டி நிற்கும். லெகோ நிறுவனம் 2013 இல் வெளியிட்ட ஈ.வி.3 பெட்டியின் விற்பனை 2021 இல் நிறுத்தப்பட்டது. மைண்ட்ஸ்ரோம்ஸ் என்ற வரிசை முழுவதுமே 2022 இன் இறுதியோடு முடிந்தது. ஸ்பைக் பிரைம் என்னும் பெட்டி 2020 இல் வந்தபோது அதன் விலை ஏறக்குறைய 330 அமெரிக்க டொலர். டொலர் ஒன்றுக்கு 300 ரூபா என்று கணக்கிட்டால் ஓர் இலட்சம் ரூபாவை எட்டும். செல்வ நாட்டுப் பாடசாலை பழையதை ஒதுக்கிப் புதியதை வாங்கும். நாம் வாங்கினால், வாங்கிய பெட்டிக்குப் பூட்டுப் போட்டு வைப்போம். மாணவர் தொட்டால் உடைந்துவிடுமே!

இவற்றினும் பெரிது போய்ச் சேருஞ் செலவு. அமெரிக்காவில் டீன் கேமன் 1989 இல் தொடங்கிய ஃபெர்ஸ்ட் என்னும் அமைப்பு, 1992 இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து உயர்பாடசாலை ஒன்றின் உடற்பயிற்சி மண்டபத்திலே 28 அணிகளைக் கொண்டு தன் முதற் போட்டியை நடத்தியது. இன்று அப்போட்டியில் ஓர் அணி ஒரு பருவத்துக்குச் செலுத்தும் பதிவுக் கட்டணம் 6,000 டொலர் அளவினது. எமது நாணயத்திற் 18 இலட்சம் ரூபா. பொறி செய்யுஞ் செலவு, பயணம், தங்குமிடம், மேற்சுற்றுக் கட்டணம் எல்லாம் இதற்குப் புறம்பு. அங்குள்ள மாணவர் அயலிலுள்ள தொழிற்சாலைகளையும் வணிக நிலையங்களையும் நாடிப் பணந் திரட்டுகின்றனர். அதுவும் ஒரு பயிற்சி என்று அவ்வமைப்பினர் கூறுவர். தொழிற்சாலை உள்ள ஊருக்கு அது பொருந்தும். எமது அயலிலே காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை வாய்மூடி முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. கடைத்தெரு வணிகரிடமோ, கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் எந்திரப் போட்டிக்கும் ஒரே மாதத்தில் மூன்று பற்றுச்சீட்டு நீட்ட எமக்கு மனம் வருவதில்லை.

எமது மாணவர் அமெரிக்கப் போட்டிக்குப் போவதில்லை என்பது மெய்யே. எனினும் வெளிநாட்டுப் போட்டி எதுவாயினுங் கட்டணம் டொலரிலேயே கேட்கப்படும். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. போட்டியாளர் கட்டணத்தை ஒரு சதமேனும் உயர்த்தவில்லை. ஆயினும் 20,000 ரூபாவாக இருந்தது 36,000 ரூபாவாயிற்று. அதே மாதங்களில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற தந்தையிடந்தான் அந்த வேறுபாட்டையும் கேட்க நேர்ந்தது.

கட்டணமின்றிப் பெட்டி கொடுத்தாலுஞ் செலவு தீர்வதில்லை என்பதற்கு 2017 இல் வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டி சான்று. ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரத்து மாணவியர் அறுவர் வீசா நேர்காணலுக்காகக் காபூல் வரை ஏறக்குறைய 800 கிலோமீற்றர் பயணத்தை இருமுறை மேற்கொண்டனர். இருமுறையும் மறுப்பே கிடைத்தது. உலகத்துப் பத்திரிகைகள் எழுதியபின், இறுதி நேரத்தில் அனுமதி கிடைத்துச் சென்று வெள்ளிப் பதக்கத்துடன் மீண்டனர். பத்திரிகைக் கண்ணிற் படாத அணிகள் எத்தனையோ!

ஈதிவ்வாறிருக்க, எமது கல்லூரியில் நிகழ்ந்த ஒன்றைக் கூறாதுவிடின் இக்கட்டுரை எழுதியதிற் பயனில்லை. பத்தாந் தர மாணவன் ஒருவன், கைவேலையில் நிகரற்றவன். பழுதடைந்த வானொலி, நீரிறைக்கும் இயந்திரம் எதனையும் பிரித்துப் பூட்டுவான். அணியின் பெயர்ப் பட்டியல் எழுதும் நாளில், தனக்கு ரியூசன் வகுப்பு இருப்பதாகக் கூறி விலகிக்கொண்டான். நாமும் நம்பினோம். கொழும்புப் பயணத்துக்கும் மேற்சட்டைக்கும் ஒவ்வொரு பெற்றோரும் ஒரு தொகை தரவேண்டும் என்ற அறிவித்தலை அவன் வீட்டிற் காட்டவேயில்லை என்பது பின்னர் அவன் தாயார் சொல்லித்தான் எமக்குத் தெரிந்தது. அந்த அறிவித்தலை நல்ல தமிழில் எழுதியவர் நாமே. அவ்விடத்துக்கு வேறொருவனைச் சேர்த்தோம். அவனும் நல்ல பிள்ளை. ஆயின் ஆணி எது, திருகாணி எது என்று அறியாதவன். அணி சென்றது, சான்றிதழுடன் மீண்டது, காலைப் பிரார்த்தனைக் கூட்டத்திற் கைதட்டினோம்.

1945 இற் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்த நாடு இது. அதற்கும் முன்னரே வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்துப் பாடசாலை வளர்த்தவர் எம் முன்னோர். வகுப்பறைக்குட் கட்டணம் இல்லை என்று பெருமை பேசிக்கொண்டு, வகுப்பறையின் பின்வாசலில் ஒரு கட்டணத்தை நிறுத்தி வைத்திருக்கின்றோம்.

பழைய மாணவர் குறைவின்றிக் கொடுக்கின்றனர். அதனை நன்றியுடன் கூறுவோம். ஆனாற் கடிதம் எழுதிப் பழகிய எமக்கு ஒன்று தெரியும். விமானச் சீட்டுக்கு என்று எழுதினால் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஒரு கிழமையிற் பதில் வரும். பற்றாசுக்கோல் பன்னிரண்டும் மேசை நான்கும் வேண்டுமென்று எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு விமான நிலையத்தில் நிற்கும் பிள்ளைகளின் படம் அழகானது. மேசையின் படத்தை எவர் முகநூலில் இடுவார்? குறை கொடுப்பவரிடம் மாத்திரம் இல்லை. அத்தகைய படத்தைக் காட்டியே கேட்கப் பழகியவர் நாம்.

போட்டி இல்லையேல் மாணவர் ஊக்கங் குன்றும் என்று சக ஆசிரியர் சிலர் வாதிடுவர். அதில் உண்மை உண்டு. குறித்த நாளில் பொறி ஓடியே ஆகவேண்டும் என்ற நெருக்கடி தருங் கல்வியை எந்தப் பாடவேளையுந் தராது. ஆயினும் 2004 இற் சிங்கப்பூரில் தொடங்கிய உலக றோபோ ஒலிம்பியாட் போன்றவற்றில் ஓர் அணிக்கு இருவர் அல்லது மூவரே. மூவர் பறக்க, எஞ்சியோர் கைதட்டுவதற்குப் பெயர் கல்வித்திட்டமாகாது. பிரித்தானியாவில் 2016 இல் மைக்ரோபிற் என்னுஞ் சிறு கணினிப் பலகையைப் பத்து இலட்சம் அளவிற் செய்து, பதினொன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கினர். எவரையுந் தெரிவுசெய்யவில்லை, வயது வந்தாற் போதும். முதலிற் பலகை, பின்னர் போட்டி. அந்த ஒழுங்கே எமக்கு நேரானதாகத் தோன்றுகின்றது.

யூபிலி நிதியைப் பற்றிச் சங்கம் இவ்வாண்டு தீர்மானிக்க இருக்கின்றது. அதில் ஒரு பகுதியைப் போட்டிகளுக்கு ஒதுக்கும்போது, அணியிற் சேரும் எந்த மாணவனின் வீட்டுக்கும் ஒரு சதத்துக்கேனும் அறிவித்தல் போகக்கூடாது என்பதை நிபந்தனையாக எழுதிவிட வேண்டுகின்றோம். அத்தொகைக்கு எட்டாத போட்டியை அவ்வாண்டு விட்டுவிடலாம். யாழ்ப்பாணத்திலேயே அயற் பாடசாலைகளை அழைத்து, மண்டபத் தரையிற் கறுப்பு நாடா ஒட்டி ஒரு போட்டி நடத்தலாம். பெண்கள் கல்லூரிகளையும் அழைக்கவேண்டும், தோற்றாலுந் தோற்போம்.

பௌதிக ஆய்வுகூடத்துக்குப் பின்னாலுள்ள சிற்றறையே இப்போது எந்திர அறை. அதன் திறப்பு எமது மேசை இழுப்பறையிற் கிடக்கின்றது. போட்டி அறிவித்தல் வந்தால் மாத்திரம் வெளியே வரும். பாடசாலை விட்டபின் ஐந்து மணிவரை அவ்வறையைத் திறந்து வைத்திருக்க ஒருவருக்கு மாதப்படி வழங்கச் சங்கம் இசையுமாயின், மறுநாட் காலையே திறப்பை ஒப்படைக்கச் சித்தமாயிருக்கின்றோம்.